சிவப்பு மூடி, கறுப்பு மூடி

18 ஏப்ரல் 1977, திங்கள்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, தயவுசெய்து அம்மாவிடம் காட்டாதீர்கள். அக்காவிடம் காட்டவே காட்டாதீர்கள். அம்மா வீடு வீடாகச் சாப்பாட்டுக் கேரியர் வாங்கிக் கம்பெனிக்குச் சுமக்கிறாள். கம்பெனி ஆட்கள் படித்தால் அந்தச் சாப்பாட்டுக் கூடை போய்விடும். எங்கள் மூன்று பேருக்கும் அந்தக் கூடைதான் சோறு. டிரங்குப் பெட்டிக்குள் விரித்த பேப்பருக்கு அடியில்தானே எடுத்தீர்கள்? அங்கேயே வைத்துவிடுங்கள். மாதா சாட்சியாகக் கேட்கிறேன்.

என் பெயர் லூர்து. பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருக்கிறேன். இது சயின்ஸ் நோட்டில் மிஞ்சிய பக்கங்கள்.

நான் ஒருவரைப் பழிவாங்க வேண்டும். அவர் பெயர் ரகுபதி.

எழுதிவிட்டேன். இரண்டு தடவை கதவைத் திரும்பிப் பார்த்தேன். ஆனாலும் எழுதியபின் கொஞ்சம் நன்றாக இருக்கிறது.

19 ஏப்ரல்

அம்மாவும் அக்காவும் தூங்கிவிட்டார்கள். நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன், பிறகு யாரும் மாற்றிச் சொல்லாமல் இருக்க.

என் அக்கா அடைக்கலமேரி திருவொற்றியூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் லேப்பில் மூன்று வருஷம் வேலை பார்த்தாள். கல்மண்டபத்தில், மீன்காரர்கள் இருக்கும் எங்கள் தெருவில், வெள்ளைக் கோட்டு போட்ட ஒரே பெண் அவள்தான். மூளையில் செரடோனின் என்று ஒரு பொருள் ஊறுகிறதாம். தூக்கம், பசி, மனசு எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டாம். அதை உண்டாக்குவது ஒரு என்சைம். எங்கள் புத்தகத்தில் நொதி என்று போட்டிருக்கிறது. அந்த என்சைம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் லேப்பில் அவ்வளவு பாடு.

அக்கா எனக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தாள். எலி மூளையிலிருந்து அந்த என்சைமைப் பிரித்து முயலுக்கு ஊசி போடுவார்கள். முயலின் உடம்பு அதை எதிரி என்று நினைத்து, எதிர்க்க ஒரு பொருளைச் செய்யும். அதற்குப் பெயர் ஆன்டிபாடி. பிறகு முயலின் காதிலிருந்து ரத்தம் எடுத்து, தெளிந்த சீரத்தை மட்டும் சீசாவில் வைப்பார்கள். சைனா கிராஸ் மாதிரி ஒரு பாசியைக் காய்ச்சிக் கண்ணாடித் தட்டில் ஊற்றி, உறைந்ததும் சின்னச் சின்னக் குழி போடுவார்கள். நடுக் குழியில் எலி மூளைச் சாறு, பக்கத்துக் குழியில் முயல் சீரம். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் நூல் மாதிரி வெள்ளைக் கோடு. ஆன்டிபாடி தன் எதிரியைப் பிடித்துக்கொண்ட இடம் அது.

ஊசி போடுவதற்கு முன்பே அதே முயலிடம் கொஞ்சம் ரத்தம் எடுத்து வைப்பார்கள். அந்தச் சீரத்தில் கோடு வரக் கூடாது. வந்தால் அந்தக் கோட்டுக்கும் என்சைமுக்கும் சம்பந்தமே இல்லை என்று அர்த்தம்.

பிப்ரவரியில் அக்கா தட்டு போட்டாள். இரண்டிலும் கோடு வந்தது. ஊசிக்குப் பின் எடுத்ததிலும் வந்தது, முன் எடுத்ததிலும் வந்தது. அக்கா போய் ரகுபதி சாரிடம் சொன்னாள். அவர்தான் லேப்புக்குப் பெரியவர். இரண்டு வருஷ வேலை வீண் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்குமா? "நீ சீசாவை மாத்தியிருக்கே" என்றார். இல்லை சார் என்றாள். அப்போது எல்லோர் முன்னாலும் சொன்னார்: "மீன் கழுவுற கையெல்லாம் சீரத்தைத் தொட்டா இப்படித்தான் ஆகும்."

அன்றைக்கே வேலை போயிற்று.

அக்கா இப்போது ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கை கழுவுகிறாள். எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்க்கிறாள். நகக்கண்ணில் தோல் உரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் மீன் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது.

22 ஏப்ரல்

ஆஸ்பத்திரி லேப் ஒன்றில் அக்காவுக்கு வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. பழைய இடத்தில் விசாரித்தார்களாம். "கவனமில்லாதவர், சாம்பிள்களை மாற்றிவிடுவார், பொய் சொல்வார்" என்று ரகுபதி சார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இனி எந்த லேப்பில் கேட்டாலும் இதே பதில்தான் போகும்.

அக்கா அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு, சாப்பிடாமல், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அம்மா சிலுவையம்மாள் வாசலில் உட்கார்ந்து பொதுவாகத் திட்டினாள். யாரைத் திட்டுகிறாள் என்று சொல்லவில்லை. சொல்ல முடியாது. அந்த ரகுபதியின் சாப்பாட்டுக் கேரியரையும் தினமும் தலையில் சுமந்துகொண்டு போய்க் கொடுப்பது அம்மாதான்.

அவன் நாசமாப் போவணும். அவன் கண்ணு அவிஞ்சி போவணும். அவன் பெரிய மனுஷன் முன்னாடி தலை குனிஞ்சி நிக்கணும், அத்த நான் பாக்கணும்.

24 ஏப்ரல், ஞாயிறு

அம்மா காலில் ஆணி ஏறிவிட்டது. வீங்கிக் கிடக்கிறது. நாளையிலிருந்து கூடையை நான் தூக்க வேண்டும். பூசையில் முட்டி போட்டு, "வழி காட்டும்" என்று வேண்டியிருந்தேன். பாவமான வேண்டுதல்தான். ஆனால் வழி வந்துவிட்டது.

25 ஏப்ரல்

பதினோரு கேரியர். கழுத்து உள்ளே போய்விட்டது போல் இருக்கிறது. தண்டையார்பேட்டையில் ரகுபதி சார் வீட்டில் அவர் வீட்டம்மா எனக்கு மோர் கொடுத்தார். "சிலுவை பொண்ணாடி நீ? வெயில்ல பாத்துப் போ" என்றார். மோர் நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததற்காக என் மேலேயே கோபம் வந்தது.

லேப்புக்குப் பக்கத்து அறையில்தான் எல்லோரும் சாப்பிடுகிறார்கள். ரகுபதி சார் நான் நினைத்ததைவிடக் குள்ளம். என் முகத்தைப் பார்க்கவில்லை. "தயிரை மட்டும் ஃபிரிட்ஜ்ல வை. வெளியில இருந்தா புளிச்சிடும்" என்றார்.

ஃபிரிட்ஜ் என்றால் லேப்பின் ஃபிரிட்ஜ். திறந்தேன். மேல் அடுக்கில் அவருடைய தயிர் டப்பாவுக்கு இடம். அதற்குப் பக்கத்திலேயே மர ஸ்டாண்டில் இரண்டு சீசாக்கள். ஒன்றில் சிவப்பு ரப்பர் மூடி, இன்னொன்றில் கறுப்பு. ஒட்டியிருந்த காகிதங்கள் ஈரத்தில் ஊறி உரிந்து கீழே கிடந்தன. எங்கள் லேப்பில் லேபிலை நம்ப மாட்டோம், மூடியின் நிறம்தான் கணக்கு என்று அக்கா சொல்லியிருக்கிறாள். சிவப்பு, ஊசிக்குப் பின். கறுப்பு, ஊசிக்கு முன்.

மீன் கழுவுகிற கை தொடக் கூடாதாம். தயிர் டப்பா தொடலாமாம்.

27 ஏப்ரல்

இன்று பஸ் ஸ்டாப்பில் மீன்காரம்மாவின் கூடையிலிருந்து ஒரே ஒரு செதில் எடுத்தேன். ரகுபதி சாருடைய தயிர் சாதத்தில் போட்டுக் கலந்தேன். அவர் சைவம்.

சாப்பிடும்போது விரலில் எடுத்துப் பார்த்தார். "என்ன இது?"

"வெங்காயத் தோலு சார்" என்றேன்.

வாயில் போட்டுக்கொண்டார்!

மிருகக் கொட்டடியில் வேலை பார்க்கும் உசேன் மாமு அங்கேதான் பீடியைக் காதில் செருகிக்கொண்டு நின்றிருந்தார். வெளியே வந்ததும், "இன்னாம்மே, தயிர் சாதத்துல ஏது வெங்காயம்?" என்றார். நான் ஓடிவிட்டேன்.

28 ஏப்ரல்

ஒரு செதில் போதாது.

29 ஏப்ரல்

பம்பாயிலிருந்து கம்பெனியின் பெரிய டாக்டரம்மா வருகிறாராம், மே நாலாம் தேதி. ரகுபதி சார் அவருக்கு முன்னால் தட்டைக் காட்டப் போகிறார். இவ்வளவு தைரியமாகக் காட்டுகிறார் என்றால், அக்காவுக்கு வந்த மாதிரி இரண்டிலும் வராமல், இப்போது ஒன்றில்தான் கோடு வருகிறது போலும். சரியாக வந்தால் அவருக்குப் பம்பாயில் பெரிய பதவி.

சரியாக வராவிட்டால்?

சிவப்பு மூடியைக் கறுப்பிலும், கறுப்பு மூடியைச் சிவப்பிலும் மாற்றிவிட்டால்? கோடு வர வேண்டிய இடத்தில் வராது. வரக் கூடாத இடத்தில் வரும். அக்காவைச் சொன்ன அதே சொல்லை அவரைப் பார்த்துப் பம்பாய்க்காரி சொல்வாள். நீ சீசாவை மாத்தியிருக்கே.

இதை நினைத்துக்கொண்டு தூங்காமல் புரள்கிறேன். சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை.

2 மே, திங்கள்

செய்துவிட்டேன்.

தயிர் டப்பாவை உள்ளே வைக்கிற நேரத்துக்குள். பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. மூடிகள் ஜில்லென்று இருந்தன. ஒன்று கொஞ்சம் வழுக்கியது. திரும்பினால் உசேன் மாமு வாசலில் முயல் கூண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பார்த்தாரா? எவ்வளவு நேரமாக நின்றார்?

போலீஸ் வந்தால் பதினஞ்சு வயசுப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு போவார்களா?

3 மே

இன்று தட்டு போட்டார். கதவைச் சாத்திக்கொண்டு, தானே, தனியாக.

4 மே

கோடு வந்துவிட்டது.

எப்படி? எப்படி வரும்? நான் காலிக் கேரியர்களை எடுக்கப் போனபோது எல்லோரும் தட்டைச் சுற்றி நிற்கிறார்கள். பம்பாய் டாக்டரம்மா வெள்ளைத் தலை, நல்ல தமிழ் பேசுகிறார். ரகுபதி சார் தட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். நானும் பார்த்தேன். ஒரு குழிக்கு நேரே வெள்ளைக் கோடு. "இது ஊசிக்குப் பின்னாடி எடுத்த சீரம். இந்தப் பக்கம் முன்னாடி எடுத்தது, பாருங்க, ஒண்ணுமே இல்ல" என்றார். கை தட்டினார்கள். அவர் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார்.

நான் மாற்றினேனே! சிவப்பு மூடிக்குள் இருந்தது ஊசிக்கு முன் எடுத்த ரத்தம்தானே!

ஆண்டவர் கூட அவன் பக்கம்தானா?

5 மே

டாக்டரம்மா இன்னும் ஒரு வாரம் இருக்கிறாராம். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவருக்கும் ரகுபதி சார் வீட்டிலிருந்தே கேரியர். அதையும் நான்தான் சுமக்கிறேன். பன்னிரண்டு.

6 மே

இன்று அக்காவிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன். ஊசிக்கு முன் எடுத்த ரத்தத்தை மட்டும் ஊற்றி, அப்போதும் கோடு வந்தால் என்ன அர்த்தம்?

அக்கா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "இன்னா அர்த்தம்? நான் சொன்னது நெசம்னு அர்த்தம். அந்த மொயலு ரத்தத்துல பொறக்கும்போதே ஏதோ கீது, அது எலி மூளைல வேற எத்தையோ புடிக்குது. என்சைமும் இல்ல ஒரு எழவும் இல்ல." பிறகு திரும்பி, "இப்ப எதுக்கு அது உனக்கு?" என்றாள்.

"சும்மா."

எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன். அங்கே நின்று யோசித்தேன்.

நான் மாற்றாமல் இருந்திருந்தால் அவர் காட்டிய கோடு எதையும் சொல்லாது. நான் மாற்றியதால்தான், முன் எடுத்த ரத்தத்திலும் கோடு வருகிறது என்று தெரிகிறது. பக்கத்துக் குழியில் ஏன் ஒன்றும் வரவில்லை என்பது மட்டும் இன்னும் புரியவில்லை. அக்கா பொய் சொல்லவில்லை. அதற்கு அத்தாட்சி இருக்கிறது. அந்த அத்தாட்சி உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும், அவள் திருட்டுத்தனமாக மூடியை மாற்றியவள்.

அக்காவை நிரூபிக்க வேண்டுமானால் நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

7 மே

சொன்னால் அம்மாவின் கூடை போகும். சொல்லாவிட்டால் அவர் பம்பாய் போவார், அக்கா சுவரைப் பார்த்தே கிழவியாவாள்.

8 மே, ஞாயிறு

பாவசங்கீர்த்தனத்துக்கு, சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல, வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டே பேர் இருக்கும்போது வெளியே வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டால், ரகுபதி சாரை மன்னிக்கவும் சொல்வார்கள். எனக்கு மன்னிக்க இஷ்டமில்லை.

9 மே

உசேன் மாமு கேட்டருகே என்னை நிறுத்தினார்.

"ஃபிரிட்ஜாண்ட உன் கை இன்னா வேலை செஞ்சுதுன்னு பாத்துக்கினுதான் இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "யாருகிட்டயும் சொல்லாதீங்க மாமு."

"சொல்றதுனா அன்னிக்கே சொல்லியிருப்பேனே. நீ அழுது பேஜாரு பண்ணாதே. கேளு. உங்க அக்கா சத்தியவதி. அந்த ஆளு அன்னிக்கு கறுப்பு மூடிய தொடவே இல்ல. ரெண்டாவது குழில உப்புத் தண்ணி ஊத்தினாரு. கயுவுறதுக்கு என்னாண்டதானே எல்லாம் வருது. சிவப்பு சீசால மட்டுந்தான் சீரம் கொறஞ்சிருந்துது."

அதாவது அவருக்கும் தெரியும். முன் எடுத்ததில் கோடு வரும் என்று தெரிந்துதான் அதை ஊற்றாமல் விட்டிருக்கிறார். அக்கா சொன்னது உண்மை என்று தெரிந்துகொண்டேதான் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

"நீங்க சொல்லுங்களேன் மாமு."

"நாலு பொண்ணு வச்சிகினு கீறேன்மே. நான் வாயைத் தொறக்க முடியாது." காதில் இருந்த பீடியை எடுத்து விரலில் உருட்டினார். "ஆனா கொட்டடில ஊசியே போடாத மொயலு ஒண்ணு கீது. யாராச்சும் அதும் ரத்தத்த கேட்டா எடுத்துக் குடுக்கிறது என் வேலை. கேக்க ஒரு ஆளு வேணும். அவ்ளோதான்."

பயம் போகவில்லை. பயத்துக்கு மேலே வேறொன்று ஏறி உட்கார்ந்துகொண்டது.

10 மே

கடிதம் எழுதினேன். நான்கு தடவை கிழித்தேன். கடைசியில் எழுதியது: "அம்மா, மே 2 அன்று சிவப்பு, கறுப்பு மூடிகளை மாற்றி வைத்தது நான். பெரிய தப்பு. ஆனால் நீங்கள் பார்த்த கோடு ஊசிக்கு முன் எடுத்த ரத்தத்தில் வந்தது. ஊசியே போடாத முயலின் ரத்தத்தை ஊற்றிப் பாருங்கள். என் அக்கா அடைக்கலமேரி பிப்ரவரியிலேயே சொன்னாள். லேப் ரிஜிஸ்டரில் அந்தக் கோடுகளை வரைந்தும் வைத்திருக்கிறாள். என் அம்மாவுக்கு எதுவும் தெரியாது. சாப்பாடு கொண்டு வரும் லூர்து."

டாக்டரம்மாவின் கேரியரில் மேல் அடுக்கில் அப்பளத்துக்கு அடியில் வைத்தேன். அந்த அப்பளம் ரகுபதி சார் வீட்டம்மா பொரித்தது. கேரியரை என் கையில் கொடுத்தபோது, "இன்னிக்கு ஏன்டி இப்படி வெளுத்துப் போயிருக்கே?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

டாக்டரம்மா தனியாகத்தான் சாப்பிடுவார். நான் காலிக் கேரியர் எடுக்கப் போனேன். காகிதம் மேஜை மேல் விரிந்து கிடந்தது, எண்ணெய்க் கறையோடு.

"நீதானா லூர்து?"

தலையாட்டினேன்.

"ஒரு ஆராய்ச்சிப் பொருளைத் தொட்டு மாத்தறது எவ்வளவு பெரிய குத்தம்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா செஞ்சே?"

"தெரிஞ்சிதான்" என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் கடிதத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். போ என்று கையைக் காட்டினார்.

11 மே

உசேன் மாமு கண்ணைச் சிமிட்டினார். முயல் காதிலிருந்து ரத்தம் எடுத்தாயிற்றாம். டாக்டரம்மா தன் கையாலேயே தட்டு போட்டாராம். மூன்று சீரம். பின், முன், ஊசியே போடாதது. ரகுபதி சார் கூடவே நின்றாராம்.

நாளை தெரியும். ஒருவேளை அந்த முயலில் கோடு வராவிட்டால்? அப்போது நான் வெறும் திருடி. அக்கா திருடியின் அக்கா.

12 மே, வியாழன், விளக்கு வைக்கும் நேரம்

மூன்றிலும் கோடு.

டாக்டரம்மா எல்லோரையும் கூப்பிட்டுத் தட்டைக் காட்டினார். ரிஜிஸ்டரை எடுத்து வரச் சொன்னார். பிப்ரவரிப் பக்கத்தில் அக்காவின் கையெழுத்து, இரண்டு கோடும் பென்சிலில் வரைந்திருந்தது. அதன் மேல் சிவப்பு மையில் குறுக்கே அடித்திருந்தது. "உங்க டெக்னீஷியன் மூணு மாசத்துக்கு முன்னாடியே கரெக்டா பாத்திருக்காங்க, ரகுபதி. மூணுலயும் கோடு வருதுன்னா, அன்னிக்கு ஒண்ணுமே வராத குழியில இருந்தது சீரமே இல்ல. நீங்க எனக்கு உப்புத் தண்ணியைக் காட்டினீங்க" என்றார். சத்தம் போடவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ இனிமே இந்தக் கட்டடத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது. நாளையிலிருந்து உங்க அம்மா வரட்டும்" என்றார். கூடை போகவில்லை!

நான் வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது. பெரியவர் முன்னால் அவர் தலை குனிந்து நின்றார். நான் பார்த்தேன். கண்ணை எடுக்காமல் பார்த்தேன். எனக்கு இனித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அவர் சாப்பிடவில்லை. கேரியரைத் திறக்கக்கூட இல்லை. திரும்பும்போது பதினொன்று லேசாக இருந்தது, ஒன்று மட்டும் கனத்தது. தண்டையார்பேட்டையில் அந்த அம்மா வாங்கித் தூக்கிப் பார்த்து, "ஏன் அப்படியே வருது? அவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். தெரியாதும்மா என்றேன். மோர் குடிக்கச் சொன்னார். நான் குடிக்கவில்லை.

எனக்கு முன்பே உசேன் மாமு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் உள்ளே நுழைந்ததும் கன்னத்தில் ஒன்று விட்டாள். காது கொய்ங் என்றது.

"மூடிய மாத்தினியா? என் லேப்புல? நான் செய்யலன்னு மூணு மாசமா கத்தினு இருக்கேன், அத்த நீ செஞ்சியா?"

அம்மா குறுக்கே வந்தாள். "வுடுடி, சின்னப் பொண்ணு."

"சின்னப் பொண்ணா? இது கொலகாரிம்மா."

நான் அழுதேன். அக்காவும் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த மூணாவது கோடு, ஊசியே போடாதது, மெலிசா இருந்துதா, தடியா?"

"மெலிசா."

"மத்த ரெண்டுத்தோட சேந்து வளைஞ்சி போச்சா, இல்ல குறுக்கால வெட்டிக்கினு போச்சா?"

"சேந்துதான் வளைஞ்சி இருந்துது."

"அப்டினா ஒரே பொருள்தான்" என்றாள் தனக்குத் தானே. என் பென்சிலைப் பிடுங்கித் தரையில் வட்டம் வட்டமாகப் போட்டுப் பார்த்தாள். ராத்திரிக்கு என்ன சோறு என்று அம்மாவிடம் கேட்டாள்.

இப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். முதல் தடவையாக இதை அவள் கண் முன்னாலேயே எழுதுகிறேன். என்னடி எழுதுறே என்றாள், கணக்கு என்றேன்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அம்மா நொண்டிக்கொண்டே போகிறாள். வெளியே ஓர் ஆண் குரல்: "அடைக்கலமேரி அம்மா வீடு இதுதானுங்களா?"

அவர் குரல். ரகுபதி சாரின் குரல். அக்கா சோற்றுக் கையோடு எழுந்து, கை கழுவாமலே வாசலுக்குப் போகிறாள்.